எட்டு மீட்டர்க் கோடு

மே 6, திங்கள்

மழை இல்லை. காலையிலேயே இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அணை வேலைக்கு என்னை வரவழைத்த ஜெபசிங் இன்று நதூலா கிராமத்துக்கு அழைத்துப் போனான். அணை எழும்பிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து ஆற்றின் மேல்போக்கில் இருக்கிறது. பாதி வழி ஜீப், மீதி மூங்கில் தெப்பம். தெப்பத்தில் நான் நிற்கவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிஜியில் அந்நியன் ஒரு கிராமத்துக்குள் நுழைய வேண்டுமானால் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தலைவர் முன் வைத்து, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அந்த வேரை இடித்துக் கரைத்த நீரை எல்லோரும் குடிப்பார்கள். வேரை வைத்தவன் சொன்னது வாக்காகிவிடும். ஜெபசிங்தான் வைப்பான் என்று நினைத்திருந்தேன். கரையேறியதும் வேர்க்கட்டை என் கையில் கொடுத்துவிட்டான்.

"நீங்க வையுங்க சார். நான் வச்சா கம்பெனிக்காரன். நீங்க வச்சா பெரியவர். உங்க முகத்தைப் பாத்தாலே யாரும் நம்புவாங்க."

அவன் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அணையின் மதகுத் தளத்திலிருந்து எட்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்த மட்டம் உங்கள் மலையில் எங்கே வருகிறதோ அங்கெல்லாம் முளை அடித்துக் காட்டுவேன். முளைக்கு மேலே எதுவும் நனையாது. தலைவர் சபையில் நேராகப் பேசுவதில்லை. அவர் வாயாகப் பேசுகிறவர் அபிசாய் என்கிற, ஏறக்குறைய என் வயதுக்காரர். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் தங்கள் மொழியில் சொன்னார். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

யங்கோனாச் சிரட்டையை வாங்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அதைக் குடித்ததில் நாக்கு மரத்துப்போனது மாலை வரை சரியாகவில்லை.

மே 9, வியாழன்

ஜெபசிங் தலைநகர் சுவாவிலிருந்து துவரம்பருப்பும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வாங்கி வந்தான். இத்தனை பெரிய வேலைக்குத் தலைவனாக இருப்பவன் கறிவேப்பிலையை நினைவில் வைத்திருக்கிறான்.

மேற்குமலை மின்நிலையத்தில் அவன் எனக்குக் கீழே சேர்ந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது என் மனைவி கோமதிதான் எங்கள் வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுத்தாள். அவள் போன பிறகு எனக்கு ஃபோன் செய்தவர்கள் குறைவு. அவன் செய்தான். "வீட்டுல சும்மா இருந்து என்ன சார் பண்ணப் போறீங்க, இங்க வாங்க. உங்களை மாதிரி லெவல் எடுக்க இப்ப ஆளே இல்ல" என்றான். இந்த வயதில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

ரசத்தில் உப்பு அதிகமாகிவிட்டது.

மே 21, செவ்வாய்

முளைக் கோடு ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் புதரை வெட்டி வழிவிடுகிறார்கள். நான் உயரம் அளக்கும் லெவல் கருவியில் பார்த்துக் கை காட்டிய இடத்தில் முளை இறங்குகிறது. முளைக்கு அருகில் அவர்களாகவே சிவப்பிலைச் செடி ஒன்றை நட்டுவிடுகிறார்கள். இங்கே எல்லைக்கு அந்தச் செடிதானாம். கான்கிரீட் கல் நடலாம் என்று ஜெபசிங்கிடம் கேட்டிருந்தேன். "மரமுளையே போதும் சார், வீண் செலவு எதுக்கு" என்று சொல்லிவிட்டான். சிக்கனமாக இருக்கத்தான் வேண்டும்.

அன்று சிரித்த பெண்ணின் பெயர் மெரெசெய்னி. கணவனை இழந்தவள், ஐம்பது வயதிருக்கும். மதியம் மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொண்டுவருகிறாள். என்னை 'மோமோ' என்கிறாள். தாய்மாமனை அப்படித்தான் அழைப்பார்களாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குள் என் குடையை எடுத்துக்கொண்டாள். தாய்மாமன் பொருளை மருமக்கள் கேட்காமல் எடுக்கலாம் என்பது இங்கே வழக்கம்.

"மோமோன்னு கூப்பிட்டதுக்கு ஏன் தலையாட்டினீங்க? நாளைக்குச் செருப்பு. அதுக்கு அடுத்த நாள் அந்த மூணு கால் பெட்டி" என்றாள். மூன்று கால் பெட்டி என்றது லெவல் கருவியை. (அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை நான் என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.)

ஜூன் 3, திங்கள்

கோடு முடிந்தது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்த்தேன். ஒரு விரல் தடிமன்கூட வித்தியாசம் இல்லை. இருந்தாலும் மறுபடி ஒருமுறை பார்த்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.

ஊரின் கல்லறைகளில் ஒன்பது, கோட்டுக்குக் கீழே வருகின்றன. தோண்டியெடுத்து மேலே மாற்றிக்கொள்வது என்று மாலையில் சபை கூடி முடிவு செய்தார்கள். கண்ணுக்கு எட்டாத மலை உச்சிக்குக் கொண்டுபோக அவர்களுக்கு மனமில்லை. மெரெசெய்னியின் கணவன் ஆற்றில் மீன் பிடித்தவன். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இடத்தில்தான் அவனை வைப்பேன் என்கிறாள்.

அபிசாய் என்னிடம் வந்தார். "முளைக்கு எவ்வளவு மேலே இருந்தா போதும்? நீங்க சொல்லுங்க. கம்பெனி சொல்ல வேண்டாம்."

கம்பெனியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளக் காலத்தில் ஒரு மீட்டர் ஏறலாம் என்று கணக்குப் போட்டு, பயத்துக்கு இன்னொரு மீட்டர் சேர்த்து, இரண்டு என்றேன்.

ஜூன் 15, சனி

இன்று மாற்றினார்கள். நான் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆள் அனுப்பி வரச் சொன்னார்கள்.

எலும்புகளை மரப்பட்டைத் துணியில் சுற்றி, ஓலைப் பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். மெரெசெய்னி தன் கணவனை யாரிடமும் கொடுக்கவில்லை, தானே மார்போடு அணைத்து எடுத்துப் போனாள். குழியில் இறக்குவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்து, "மோமோ, இங்கேயா?" என்றாள். நான் முளையைப் பார்த்தேன், அவள் நின்ற இடத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜெபசிங் வரவில்லை. சுவாவில் கூட்டமாம். வெள்ளைச் சாமந்தி மாலைகள் அனுப்பியிருந்தான்.

ஜூன் 24, திங்கள்

லெவல் கருவியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்று ஜெபசிங் எடுத்துக்கொண்டு போனான். அது சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

வேட்டிகள் காயவில்லை. பல்லில் வலி, கிராம்பு வைத்திருக்கிறேன்.

நீர் நிற்கப்போகும் பகுதியில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டார். கோட்டுக்கு மேலேயும் வெட்டுகிறார்கள், நன்றாக மேலே. அவர்களுக்கு என் முளைகள் புரியவில்லை போலிருக்கிறது. ஜெபசிங்கிடம் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவனுக்கு ஆயிரம் வேலை.

ஜூலை 18, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜெபசிங் மாலையில் வந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். செயற்கைக்கோள் அளவு வந்திருக்கிறதாம். என் கோடு நான்கு மீட்டர் தாழ்வாகப் போயிருக்கிறதாம். உண்மையான நீர்மட்டம் என் முளைகளுக்கு நான்கு மீட்டர் மேலே நிற்குமாம்.

நான்கு மீட்டர். விரல் தடிமன் என்று எழுதிய நான்.

கருவியைக் கொடு, நாளைக்கே மறுபடி பார்க்கிறேன் என்றேன். அது இன்னும் வரவில்லை என்றான். "கருவியே கோளாறா இருந்திருக்கும் சார். இல்லேன்னா வயசு. கண் புரை எடுத்து எத்தன வருஷம் ஆச்சு? நான் உங்களைக் குறை சொல்லல. நான் பாத்துக்கிடுதேன்."

புதிய கல்லறைகள் கோட்டுக்கு இரண்டு மீட்டர் மேலேதான் இருக்கின்றன. இரண்டு என்று சொன்னவன் நான்.

ஜூலை 19, வெள்ளி

வலது கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் எழுத்தைப் படித்தேன். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு. இரண்டிலும் தெரிகிறது. ஆனால் தெரியாதவனுக்குத் தெரியாது என்பது எப்படித் தெரியும்?

ஜூலை 22, திங்கள்

ஊருக்குச் சொல்லியாக வேண்டும். இங்கே தவறு செய்தவன் திமிங்கிலப் பல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வைத்து, தலை குனிந்து உட்கார வேண்டும். அவர்கள் அதைத் தொட்டு எடுத்துக்கொண்டால் தவறு புதைந்துவிடும். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. எடுக்காவிட்டால் பகை.

பல்லை ஜெபசிங் வாங்கி வைத்துவிட்டான். எங்கே உட்கார வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பழக்கினான். "தலையைக் குனிஞ்சே இருங்க சார். உங்களுக்கு அது நல்லா வரும்."

ஜூலை 29, திங்கள்

பல்லை வைத்தேன். என் அளவு தவறு, உங்கள் பெரியவர்களை நான் சொன்ன இடத்தில் வைத்தீர்கள், அந்த இடம் நனையும் என்றேன். பாயின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

அபிசாய் முழங்காலால் நகர்ந்து வந்து பல்லை எடுத்துக்கொண்டார். பிறகு எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது எங்களுக்கு முதல் நாளே தெரியும். அதனாலதான் தப்புன்னு நீங்க சொன்னதும் நம்பினோம். தப்புக்கு இங்கே வழி இருக்கு. அது இப்ப மண்ணுக்குள்ள போயாச்சு."

மேலே வேறிடம் பார்த்து மறுபடி மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 23 அன்று நிலத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெரெசெய்னி வாசல் வரை வந்து என் குடையை என் கையில் கொடுத்தாள். அதைத் திரும்பக் கொடுத்ததுதான் எனக்கு வலித்தது.

ஜெபசிங் ஜீப்பில் பாட்டு போட்டான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மதகுக்கான ஷட்டர்கள் படகில் வந்து இறங்கியிருக்கின்றன. வேலையில்லாத மனிதன் வேடிக்கை பார்க்கப் போனேன். கிடத்தி வைத்திருக்கிறார்கள். எட்டு மீட்டர்த் தண்ணீரை நிறுத்தும் ஷட்டர் எட்டு மீட்டரும் ஒரு முழமும் இருக்க வேண்டும். பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தது. என் பார்வையை நான் இப்போது நம்புவதில்லை. டேப் வாங்கி அளந்தேன். பன்னிரண்டு மீட்டரும் கொஞ்சமும்.

டேப் தவறாக இருக்கும் என்று காவலாளியின் டேப்பைக் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு. அகலத்தைத்தான் உயரமென்று எடுத்துக்கொண்டேனோ என்று சுற்றி வந்து பார்த்தேன். இல்லை. பக்கத்தில் கிடந்த இரண்டாவது ஷட்டரை அளந்தேன். அதுவும் பன்னிரண்டு.

இத்தனை பெரிய இரும்பைத் தகடு வளைத்து, பற்றவைத்து, கப்பலேற்றி இங்கே கொண்டுவர இரண்டு வருஷமாவது ஆகும். நான் இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாத வேறு காரணம் இருக்கலாம். ஜெபசிங்கிடம் கேட்டால் சொல்லுவான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கேட்டேன்.

"ஷட்டர் பன்னிரண்டு மீட்டர் இருக்கே."

"அந்த வெயில்ல யார்டுக்கு எதுக்கு சார் போனீங்க?"

"எப்ப முடிவாச்சு, ஜெபசிங்?"

ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

"ஆரம்பத்துலயே சார். எட்டு மீட்டருக்கு வார கரண்டை நம்பி எவன் கடன் குடுப்பான்? பன்னெண்டுன்னு முதல்லயே போய்ச் சொன்னா ஊர் ஒத்துக்கிடாது. எட்டுன்னு சொல்லி ஒருக்கா தோண்ட வச்சாச்சு. மனசு பழகிட்டு. இனி நாலு மீட்டர் ஒரு தப்புன்னு வந்தா ஒத்துக்கிடுவாங்க. ஒத்துக்கிட்டாங்கல்லா?"

"என் தப்புன்னு."

"உங்க தப்புன்னா மன்னிப்பாங்க. என் தப்புன்னா மன்னிக்க மாட்டாங்க. அதுக்குத்தானே சார் உங்களைக் கூப்பிட்டேன்." பாராட்டுவது போலத்தான் சொன்னான். பிறகு, "நான் அம்மா கையால கஞ்சி குடிச்சவன். உங்களுக்குக் கெட்டது நெனைப்பேனா? கையெழுத்து முடியட்டும், நல்லபடியா ஊருக்கு அனுப்பி வைக்கேன்" என்றான்.

நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சரி என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

என் கோடு சரியாக இருந்திருக்கிறது. அது எனக்கு ஒரு விநாடி சந்தோஷத்தைக்கூடக் கொடுத்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

அபிசாயிடம் சொல்லிவிடலாம் என்று நதூலாவுக்குப் போனேன். துறையில் மெரெசெய்னி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். புதிய இடம் பார்த்துவிட்டாளாம். அங்கே தண்ணீர்ச் சத்தம் கேட்காது, பரவாயில்லை என்றாள். நான் இன்னும் தெப்பத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"மோமோ, இந்தத் தடவை எவ்வளவு மேலே?"

கம்பெனியைக் கேளுங்கள் என்றேன்.

"கம்பெனிக்கு முகம் எங்கே இருக்கு, பாத்துக் கேட்கறதுக்கு?" என்று சிரித்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

கரையேறாமலே திரும்பிவிட்டேன். புதைத்த விஷயத்தைப் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதை மீறலாமா என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாளை. சட்டை இஸ்திரி போட்டேன். சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம்தான். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தோடு நின்றுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இதை அபிசாயின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சபை வீட்டில் கூடியிருந்தோம். தலைவர், அவருக்குப் பக்கத்தில் அபிசாய், எதிரே அதிகாரி ஒருவர், ஜெபசிங், அவன் அருகில் நான். பெண்கள் பின்னால். ஒப்பந்தம் பாயின் நடுவில் விரித்திருந்தது. கையெழுத்துக்கு முன் யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அபிசாய் வழக்கப்படி கேட்டார். அது பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அல்ல.

தலைவர் உட்கார்ந்திருக்கும்போது அங்கே எழுந்து நிற்கக் கூடாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. உட்கார்ந்தபடியே சொன்னேன். என் முளைகள் சரியாகத்தான் இருந்தன. ஷட்டர்கள் நான் வருவதற்கு முன்பே பன்னிரண்டு மீட்டருக்குச் செய்யப்பட்டவை. நான் மன்னிப்புக் கேட்ட தவறு நடக்கவே இல்லை.

குரல் எழும்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார் அபிசாய். மறுபடி சொன்னேன். புதைத்ததைத் தோண்டுகிறேன், எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.

"புதைச்சது உங்க தப்பை. இது வேற பிணம்" என்றார் அவர்.

ஜெபசிங் முகம் மாறவில்லை. சார் எனக்கு ஆசிரியர் மாதிரி, உடல்நிலை சரியில்லை, சில மாதமாகவே குழம்புகிறார் என்று ஆங்கிலத்தில் மிகவும் வருத்தமாகச் சொன்னான். சிலர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அதிகாரி தலையாட்டினார். அந்த நிமிஷத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது ஷட்டரை உண்மையிலேயே அளந்தேனா?

அப்போது அவன் என் தோளில் கை வைத்துச் சாய்ந்து, தாழ்ந்த குரலில், பிள்ளையைச் சமாதானம் செய்வது போலத் தமிழில் சொன்னான்:

"போதும் சார். எலும்புதானே. ஒருக்கா தோண்டினவன் இன்னொருக்கா தோண்டுவான். நாம ரெண்டு பேரும் வீட்டுல போய்ப் பேசிக்கிடலாம்."

அவன் என்ன சொல்கிறான் என்று அபிசாய் கேட்டார். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன் என்றான் ஜெபசிங். அபிசாய் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்புப் பாடத்தில் செய்வது போல, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னேன். எலும்புதானே என்பதில் உள்ள 'தானே'யை எப்படிச் சொல்வது என்று தடுமாறி, இரண்டு விதமாகச் சொன்னேன். தோண்டினவன் என்று மரியாதையில்லாமல் சொன்னதையும் விளக்கினேன். அபிசாய் அதைத் தங்கள் மொழியில் தலைவருக்குச் சொன்னார். பின்னால் பாய் சரசரத்தது. மெரெசெய்னி எழுந்து, தலைவர் முன் நிற்கக் கூடாது என்பதையும் பாராமல், நிமிர்ந்தபடியே வெளியே நடந்து போனாள். மற்றப் பெண்களும் போனார்கள்.

தலைவர் ஒப்பந்தத்தை மடித்து அதிகாரியின் பக்கம் தள்ளினார். கையெழுத்து இல்லை. எட்டு மீட்டருக்கு ஷட்டர் வந்தால் பேசலாம் என்று அபிசாய் சொல்லிவிட்டார். கல்லறைகள் ஜூனில் மாற்றிய இடத்திலேயே இருக்கின்றன. எத்தனை காலத்துக்கு என்று எனக்குத் தெரியாது. கம்பெனி விடாது.

என்னை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. இரவு தங்க இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஜெபசிங் ஜீப்பில் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. மஞ்சள் காமாலையில் எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தபோது இருந்த முகம்.

அந்தச் சபையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். அதை நம்பித்தான் அவன் என்னிடம் அப்படிப் பேசினான்.